ஆறு ஏர்பேக்: சட்டம் சொல்வது என்ன, பர்ஸ் சொல்வது என்ன?

சித்தூரிலிருந்து காரில் திருப்பதி போகிறவர்களுக்குப் புத்தலப்பட்டு தெரிந்த ஊர். கடப்பா சாலையிலிருந்து திருப்பதி சாலை பிரிவது இங்கேதான். வேலூர் பக்கமிருந்து மலைக்குப் போகும் குடும்பங்களும் இந்த வழியாக வருகின்றன. முன்னால் இருவர், பின்னால் மூவர். அந்த காரில் எத்தனை ஏர்பேக் இருக்க வேண்டும்? முடிவு செய்வது அரசா, வாங்குபவரா?

எது கட்டாயம்?

ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019-ல் கட்டாயமானது. பக்கத்து இருக்கைக்கும் 2021-ல் விதி வந்தது. 2022 ஜனவரியில் ஆறு ஏர்பேக் வரைவு விதியை மத்திய அரசு வெளியிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், பின் இருக்கையில் பெல்ட் போடாமல் பயணித்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்தார். விவாதம் சூடானது. ஆனாலும் விதி ஓராண்டு தள்ளிப்போனது. 2023-ல், கட்டாயமாக்கப் போவதில்லை என்றார் அமைச்சர் நிதின் கட்கரி. அதே ஆண்டு அக்டோபரில் பாரத் என்கேப் நட்சத்திர மதிப்பீடு தொடங்கியது. அதில் சேர்வது கார் நிறுவனங்களின் விருப்பம்.

விலை எவ்வளவு ஏறும்?

ஒரு ஏர்பேக்குக்குச் சுமார் 800 ரூபாய்தான் என்றார் கட்கரி. கூடுதலாக நான்கு பொருத்த காருக்குச் சுமார் 17,600 ரூபாய் ஆகும் என்றது ஜாட்டோ டைனமிக்ஸ் நிறுவனம். பையோடு முடிவதில்லை, சென்சார், உள்கட்டமைப்பு மாற்றம் எல்லாம் சேரும்.

விலை ஏறினால் சிறிய கார் வாங்க நினைப்பவர் பைக்கிலேயே நின்றுவிடுவார் என்பது மாருதி தலைவர் ஆர்.சி. பார்கவாவின் வாதம். இதை ஒதுக்கிவிட முடியாது. 2022-ல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள்.

ஆனால், 2025-ல் ஆல்டோ கே10 காரின் எல்லா வேரியண்ட்டிலும் ஆறு ஏர்பேக்கை மாருதியே கொண்டுவந்தது. சட்டம் சொல்லாததைச் சந்தை செய்தது.

அப்போ என் விருப்பம்?

"ஊருக்குள்ளதானே போறோம், பெல்ட் எதுக்கு?" என்று கேட்காத வீடு குறைவு. ஏர்பேக், பெல்ட்டுக்குத் துணைதான், மாற்று இல்லை. 2022-ல் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அதில் 8,331 பேர் பயணிகள். பின்னால் பெல்ட் போடாதவர், மோதலில் முன் இருக்கையில் இருப்பவர் மீதே வந்து விழுவார். அதனால் இது அவருடைய சொந்த விஷயம் மட்டும் இல்லை. பின் இருக்கையிலும் பெல்ட் கட்டாயம். மீறினால் 1,000 ரூபாய் அபராதம்.

புது கார் வாங்கினால், சன்ரூஃபுக்கு முன் ஏர்பேக் எண்ணிக்கையையும் நட்சத்திரத்தையும் பாருங்கள். பழைய காரா? பெல்ட் ஏற்கெனவே இருக்கிறது. பின் சீட்டில், கவருக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கும் பக்கிளை வெளியே எடுங்கள். அதற்குச் செலவே இல்லை.