பட்டக்காரரும் கலெக்டரும்

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் சேலம் பகுதியைக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் ஒப்படைத்தார். அப்பகுதியிலுள்ள சேர்வராயன் மலையில் ஆட்சி என்பதே அதன் பிறகுதான் வந்தது என்று நினைப்பது அரசையும் ஆட்சியையும் ஒன்றாகக் குழப்புவதாகும். கலெக்டர் காக்பர்ன் 1820களில் அந்த மலையின் ஏற்காட்டில் காப்பி நட்டபோது, அங்கே வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினர் ஏற்கெனவே நாடுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பட்டக்காரர், அவருக்குக் கீழே ஊர்த்தலைவர்கள் என்ற ஏற்பாட்டோடு இருந்தார்கள். திருமணத் தகராறும் நிலத் தகராறும் ஊர்க்கூட்டத்தில் தீர்ந்தன. போலீசும் சிறையும் இல்லை. அபராதமும் ஊர்விலக்கும் இருந்தன. மலையில் தனித்து வாழ முடியாதவனுக்கு ஊர்விலக்கு சிறையைவிடக் கொடியது.

இது வெறும் சாதிப் பஞ்சாயத்துதானே, இதற்கு ஏன் ஆட்சி என்று இத்தனை பெரிய பெயர் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பட்டம் பரம்பரையாக வந்தது. பெண்களுக்கு அங்கே குரல் குறைவு. அதை ஜனநாயகம் என்று புகழ நான் தயாரில்லை. ஆனால் முறையான வன்முறைக்கு ஏகபோக உரிமை கொண்டாடுவதே அரசு என்றார் மாக்ஸ் வேபர். அந்த ஏகபோகம் இல்லாமலே கட்டளை மதிக்கப்பட்டது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. கும்பினி அந்தக் கலெக்டரை நியமிக்க மலைவாசிகளின் சம்மதத்தைக் கேட்கவில்லை. அவரும் பரம்பரைப் பட்டக்காரரைவிட அதிக ஜனநாயகவாதி அல்ல.

இன்று ஏற்காடு பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. ஆனால் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் அறிவிக்கப்படாததால், பழங்குடிக் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இந்த மலைக்குப் பொருந்தாது. சட்டமன்றத்துக்கு ஆள் அனுப்பலாம்; ஊர்க்கூட்டத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது.