கல்லீரல் அனுப்பும் சேதி

1930-ல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் டில்லெட், தாமஸ் பிரான்சிஸ் இருவரும் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நிமோனியாக் கிருமியிலிருந்து பிரித்த 'சி' என்னும் பொருளைக் காய்ச்சல் உச்சத்தில் இருந்தவரின் சீரத்தில் கலந்தால், திரிந்து அடியில் படிந்தது. குணமானவரின் சீரம் தெளிந்தே கிடந்தது. திரிய வைத்தது ஒரு புரதம் என்பது பின்னால் தெரிந்தது. சி.ஆர்.பி. (சி-ரியாக்டிவ் புரோட்டீன்) என்ற அதன் பெயர் 2021 மே மாதத்தில் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வரை வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் கொரோனா உறுதியான மாதம் அது.

அந்தப் புரதம் புறப்படும் இடம் கல்லீரல். நுரையீரலில் வைரஸோடு மல்லுக்கட்டும் செல்கள் இன்டர்லூக்கின்-6 என்ற தூதை ரத்தத்தில் விடும். அது வந்து சேர்ந்ததும் கல்லீரல் சி.ஆர்.பி.யைச் சுரக்கும். ஆறேழு மணி நேரத்தில் ஏற்றம் தெரியும். இரண்டு நாளில் உச்சம். தூது நின்றால் சுமார் 19 மணி நேரத்தில் பாதியாகக் குறையும். ஆகவே காய்ச்சல் எத்தனையாவது நாள், ரத்தம் எடுத்தது எப்போது என்று தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்துப் பயனில்லை. காசநோய்க்கும் அது ஏறும், சீழ்பிடித்த புண்ணுக்கும் ஏறும்.

சின்ன ஊர் லேபிலேயே சி.ஆர்.பி. பார்த்துவிடலாம். கறுப்புச் சிலைடில் ஒரு சொட்டு சீரம், ஒரு சொட்டு லேடெக்ஸ். இரண்டு நிமிடம் மெல்ல ஆட்டினால் வெள்ளை வெள்ளையாய் மணல்போல் திரளும். 1930-ல் கண்ட திரிதலின் பேரப்பிள்ளை இது. ஆனால் இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் சிலைடு சொல்லும். சரியான அளவு வேண்டுமென்றால் மெஷின் வேண்டும். டி-டைமர், ஃபெரிட்டின் போன்ற மற்ற ரத்தப் பரிசோதனைகளை டாக்டர் கேட்டால் ட்யூப்கள் பெரும்பாலும் வெளியூருக்குப் பயணப்பட வேண்டியதுதான்.

திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை, காரியாபட்டி வழியாக மதுரைக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல். கத்திரி வெயில் வேறு. டி-டைமருக்கு நீல மூடி ட்யூப். உள்ளே இருக்கும் சிட்ரேட் ஒரு பங்கென்றால் ரத்தம் ஒன்பது பங்கு, கோடு வரை நிரம்பியாக வேண்டும். மற்றவற்றுக்கு ரத்தம் உறைந்த பிறகு ட்யூபை மெஷினில் வைத்துச் சுற்றி, சீரத்தைப் பிரித்து, ஐஸ் பேக்கோடு அனுப்ப வேண்டும். பிரிக்காமல் பைக்கில் குலுங்கிப் போனால் சிவப்பணுக்கள் உடையும், சீரம் இளஞ்சிவப்பாகும். அந்த அணுக்களுக்குள் இருக்கும் எல்.டி.எச். என்னும் நொதி வெளியே கொட்டி, நோய் முற்றியதுபோல ஒரு பொய்க் கணக்கைக் காட்டும். அப்படி வந்த ட்யூபை "திரும்ப எடுத்து அனுப்புங்க" என்று திருப்பிவிடுகிற டெக்னீஷியன் ஒரு நோயாளியைக் காப்பாற்றுகிறார் என்றே நான் நினைக்கிறேன்.

ஆக்சிஜன் குறையாத, லேசான நோய் உள்ளவர்களுக்கு இந்தப் பரிசோதனைகளே தேவையில்லை என்று எய்ம்ஸ் இயக்குநர் ரண்தீப் குலேரியா அந்த மே மாதத் தொடக்கத்தில் எச்சரித்தார். பயத்தில் எடுத்த டெஸ்டின் எண்ணைப் பார்த்து, வேண்டாத ஸ்டீராய்டு உள்ளே போகும் என்பது அவர் கவலை. கூலிக்காரக் குடும்பத்துக்கு அந்தப் பில்லும் ஒரு கவலை என்பதை நான் சேர்த்துக்கொள்வேன்.

எண் உண்மையிலேயே உயிர் காத்த இடமும் உண்டு. பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில், ஆக்சிஜன் குறைந்து, சி.ஆர்.பி. லிட்டருக்கு 75 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்த 4,116 பேர் சேர்க்கப்பட்டனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 28 நாளில் இறந்தோர் 35 சதவீதம். டோசிலிசுமாப் ஊசியும் போடப்பட்டவர்களில் 31.

அந்த ஊசி அடைப்பது இன்டர்லூக்கின்-6 வந்து சேரும் வாசலை. வாசல் அடைபட்டால் கல்லீரலுக்குச் சேதி போகாது. உள்ளே நோய் எரிந்துகொண்டிருந்தாலும் சி.ஆர்.பி. சரிந்துவிடும். ஊசி போட்டுக்கொண்டு மதுரையிலிருந்து ஊர் திரும்பியவருக்குச் சில வாரத்தில் புதிதாக ஒரு தொற்று வந்தால், உள்ளூர்ச் சிலைடில் எதுவும் திரளாமல் போகலாம். எதிரே இருக்கும் டாக்டர் முதலில் கேட்க வேண்டியது டிஸ்சார்ஜ் சம்மரியை.