ஒட்டுத்தாடி கட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போன பெண்கள்

மலருக்கு ஏதாவது சரித்திரம் எழுதிக் கொடு என்று கேட்டார்கள். 1989-ல் தருமபுரியில் குழுக்கள் ஆரம்பித்த கதையை என்னைவிட மூத்த சகோதரிகள் நன்றாக எழுதுவார்கள். நான் ரொம்பப் பழைய ஒரு சிரிப்பு நாடகத்தைப் பற்றி எழுதுகிறேன். கல்லூரியில் இலக்கியம் படிக்கிற என் நாத்தனார் மகள் எனக்குச் சொன்னது. கேட்டுவிட்டு இரண்டு நாள் நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

கிரேக்க நாட்டில் ஏதென்ஸ் என்று ஒரு நகரம். கி.மு. 390 வாக்கில் அங்கே அரிஸ்டோபனீஸ் என்பவர் இந்த நாடகத்தை மேடை ஏற்றினார். அந்த ஊரில் ராஜா கிடையாது. ஒரு குன்றின்மேல் ஊர்ச்சபை கூடும், கை தூக்கித் தீர்மானம் போடுவார்கள். நம்ம கிராம சபை மாதிரிதான், ஆனால் ஆம்பிளைகள் மட்டும். நேரத்துக்கு வந்தால் மூன்று ஓபோல் காசு படியும் உண்டு. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அங்கே இடமே இல்லை. 27 வருஷம் ஸ்பார்ட்டா என்ற ஊரோடு சண்டை போட்டு, கி.மு. 404-ல் தோற்று, கஜானா காலியாகிக் கிடந்த நகரம் அது. அப்பவும் அடுத்த சண்டைக்குக் குறைச்சல் இல்லை.

நாடகத்தில் பிராக்சகோரா என்று ஒரு குடும்பப் பெண். விடியுமுன்னே கையில் விளக்கோடு தெருவில் நிற்கிறாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாய்ப் புருஷனின் உடுப்பு, செருப்பு, கைத்தடியோடு வருகிறார்கள். ஒட்டுத்தாடியும் தயார். வீட்டுக்குள்ளேயே இருந்து வெளுத்த உடம்பு காட்டிக் கொடுத்துவிடும் என்று ஒருத்தி தினமும் வெயிலில் நின்று கறுக்கப் பார்த்திருக்கிறாள். ஆண்கள் மாதிரி சபைக்குள் போய் உட்கார்ந்து, நிர்வாகத்தைப் பெண்கள் கையில் கொடுக்கத் தீர்மானம் போடுவதுதான் திட்டம்.

போகுமுன் ஒத்திகை பார்க்கிறார்கள். ஒருத்தி கம்பளி நூல் வேலையைக் கையோடு கொண்டுவந்திருக்கிறாள், கூட்டம் சேருகிற வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று. இன்னொருத்தி பேச எழுந்து பெண் தெய்வங்கள்மேல் சத்தியம் பண்ணுகிறாள். ஆம்பிளைகள் அப்படிச் சத்தியம் பண்ண மாட்டார்களாம். அடுத்து, சபையைப் பார்த்து "பெண்களே" என்று ஆரம்பிக்கிறாள்! பிராக்சகோரா தலையில் அடித்துக்கொண்டு, தானே பேசிக் காட்டுகிறாள். இவ்வளவு நன்றாய்ப் பேச எங்கே கற்றாய் என்று கேட்கிறார்கள். யுத்தத்தில் இடம்பெயர்ந்து புருஷனோடு அந்தக் குன்றில் குடியிருந்தபோது, பேச்சாளர்கள் பேசுவதைக் காதால் கேட்டே கற்றேன் என்கிறாள்.

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் குழுவில் தண்ணீர்க் குழாய்க்காக கிராம சபையில் பேச வேண்டி வந்தபோது, முந்தின நாள் திண்ணையில் உட்கார்ந்து நாங்களும் இப்படித்தான் பேசிப் பழகினோம். வங்கி மேலாளரிடம் கணக்குச் சொல்லத் தயங்காத அக்கா, மைக் முன்னால் போனதும் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார். பேச்சு வராமல் இல்லை. அங்கே பேசிப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

நாடகத்தில் தீர்மானம் நிறைவேறிவிடுகிறது. சபைக்குப் போய்வந்த ஆள் ஒருவர், இன்றைக்கு ஒரே வெளுத்த முகங்களாக இருந்தது, செருப்புத் தைக்கிறவர்கள் எல்லாம் திரண்டு வந்துவிட்டார்கள் போல என்கிறார். (அவர்களும் நிழலிலேயே உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள்.) ஏன் அப்படித் தீர்மானம் போட்டார்கள் என்றால், ஊரில் இதுவரைக்கும் செய்து பார்க்காதது இது ஒன்றுதானாம்!

பிராக்சகோராவின் புருஷன் பிளெபிரஸ் சபைக்கே போகவில்லை. உடுப்பை மனைவி எடுத்துப் போய்விட்டாள். அவசரத்துக்கு வெளியே ஒதுங்கப் போனவர், அவளுடைய மஞ்சள் உடையைச் சுற்றிக்கொண்டு வயிற்று உபாதையோடு உட்கார்ந்திருக்கிறார். மனைவி திரும்பி வந்ததும், எங்கே போனாய், சபைக் காசு போச்சே என்று சத்தம் போடுகிறார். தோழிக்குப் பிரசவம் பார்க்கப் போனேன், கவலைப்படாதீங்க, ஆண் குழந்தை என்கிறாள். எந்த ஊர்ப் பெண்ணானாலும் பதில் ரெடியாகத்தான் வைத்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு அவள் போடுகிற சட்டம்: நிலம், பணம் எல்லாம் பொது. வழக்கு மன்றங்கள் எல்லாம் பந்தி போடும் கூடங்கள். உழுவது யார் என்று புருஷன் கேட்டால், அடிமைகள் என்கிறாள். இது எனக்குப் பிடிக்கவில்லை. தன் வீட்டு வாசலைத் தாண்டி அவள் யோசிக்கவில்லை. கிழவிகளைக் கேலி பண்ணுகிற காட்சிகளும் பின்னால் வருகின்றன, அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினவர் ஆண், நடித்தவர்களும் எல்லாரும் ஆண்கள். நம்ம தெருக்கூத்தில் பெண் வேஷம் கட்டுகிற மாதிரி, ஆண் ஒருவர் பெண் வேஷம் கட்டி, அந்தப் பெண் தாடி கட்டியிருக்கிறாள். பெண் ஆண்டால் எப்படி என்பதே அவர்களுக்குச் சிரிப்பு. ஆனாலும் வீட்டுச் செலவைச் சமாளிக்கிறவளுக்கு ஊர்ச் செலவையும் சமாளிக்கத் தெரியும் என்ற வாதம் அந்தச் சிரிப்புக்குள்ளே இருக்கிறது. இவரே கி.மு. 411-ல் எழுதிய லிசிஸ்ட்ராட்டா நாடகத்தில், பெண்கள் சண்டையை நிறுத்தக் கஜானாவையே பூட்டிக்கொள்கிறார்கள். பணம் கேட்டு வந்த அதிகாரியிடம், உங்கள் வீட்டுப் பணத்தை நாங்கள்தானே பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள்.

கிரேக்கப் பெண்களுக்குப் பாராளுமன்றத் தேர்தலில் ஓட்டுரிமை கிடைக்க 1952 ஆகிவிட்டது. நம்ம மதராஸ் மாகாணத்தில் சொத்துள்ள பெண்களுக்கு 1921-லேயே ஓட்டு வந்தது. 2016-ல் தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் நமக்கு. நாற்காலி வந்தாச்சு. ஆனால் சில ஊர்களில் தலைவி வீட்டிலே, தலைவியின் வீட்டுக்காரர் நாற்காலியிலே. ஏதென்ஸ் பெண்கள் புருஷன் உடுப்பைப் போட்டுக்கொண்டு போனார்கள். இங்கே மனைவியின் பதவியைப் புருஷன் போட்டுக்கொண்டு போகிறார். அடுத்த கிராம சபையில் தலைவியே எழுந்து தீர்மானம் வாசிக்கவேண்டும் என்று எங்கள் குழு தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. 12 பேரில் 11 கையெழுத்து. பன்னிரண்டாவது பெண் தலைவிக்கு ஓரகத்தி. யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.

நாடகம் விருந்தோடு முடிகிறது. சொத்தைப் பொதுவில் சேர்க்க மறுத்த ஆள்கூட, சாப்பாடு என்றதும் முதல் ஆளாய்க் கிளம்புகிறான். ஊரே சாப்பிட்டுவிட்டது, வீட்டுக்காரர் ஒருவர்தான் பாக்கி என்று வேலைக்காரி தேடி வருகிறாள். இலையில் காத்திருக்கிற பண்டத்தின் பெயரே பல வரி நீளம். சொல்லி முடிப்பதற்குள் ஆறிப்போகும்.