தொடக் கூடாத பணம்: பிரான்சிஸ்கன் ஏழ்மைக் கோட்பாட்டின் வரலாறு (1209–1563)

கிறிஸ்தவத் துறவி தனக்கென எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பழைய விதி. ஆறாம் நூற்றாண்டில் எழுந்த பெனடிக்டின் ஒழுங்கு, துறவிக்குச் சொந்தமாக ஓர் எழுதுகோல்கூட ஆகாது என்றது. ஆனால் மடத்துக்குச் சொத்து உண்டு. விளைநிலம், மாவாலை, வாரம் அளக்கும் குடியானவர்கள் என்று பல மடங்கள் பெரும் நிலக்கிழார்களாகவே இருந்தன. அசிசி நகரின் புனித பிரான்சிஸ் இந்த ஏற்பாட்டை மாற்றினார். தனி ஆளுக்கு மட்டுமன்றிச் சபைக்கும் எதுவும் சொந்தமில்லை என்றார்.

அவர் துணி வணிகர் ஒருவரின் மகன். இத்தாலிய நகரங்களில் வணிகமும் கடனும் பெருகிய காலத்தில் வளர்ந்தவர். தந்தையோடு மூண்ட பூசலில், உடுத்தியிருந்த ஆடையையும் ஆயர் முன்னிலையில் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். 1209-இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் அவருடைய சிறு குழுவுக்கு வாய்மொழி ஒப்புதல் தந்தார். 1221-இல் எழுதப்பட்ட ஒழுங்கு நாணயத்தைத் தூசியாக எண்ணச் சொல்கிறது. ஏழைகள், தொழுநோயாளர், வழியோரப் பிச்சைக்காரர் நடுவே வாழக் கிடைத்தால் சகோதரர்கள் மகிழ வேண்டும் என்பதும், முகம் வாடித் திரியக் கூடாது என்பதும் அதிலேயே உள்ளன. பணத்தை விலக்கியதும் மனமகிழ்ச்சியும் அவருக்கு ஒரே அனுபவத்தின் இரு கூறுகள். பின்வந்த சர்ச்சைகளில் முதலாவது மட்டுமே வழக்காடப்பட்டது. இரண்டாவதை எந்தச் சட்டத்தாலும் வரையறுக்க முடியவில்லை.

1223-இல் திருத்தந்தை மூன்றாம் ஹொனோரியுஸ் உறுதிசெய்த ஒழுங்கின்படி, நேரடியாகவோ பிறர் கைவழியாகவோ நாணயம் பெறக் கூடாது. வீட்டையோ இடத்தையோ தமதாக்கிக்கொள்ளக் கூடாது. பிரான்சிஸ் 1226-இல் இறந்தார். இரண்டே ஆண்டில் அவர் பெயரால் அசிசியில் பெருங்கோவில் எழத் தொடங்கியது. பாரிஸ், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகங்களில் பாடம் சொல்லத் தொடங்கிவிட்ட சபைக்கு நூல்களும் கட்டடங்களும் தேவைப்பட்டன. அவை யாருடையவை?

விடையைத் திருச்சபைச் சட்டம் தந்தது. 1230-இல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி, பிரான்சிஸின் இறுதி உயில் சபையைக் கட்டுப்படுத்தாது என்று அறிவித்து, பயன்பாட்டையும் உடைமையையும் பிரித்தார். 1245-இல் நான்காம் இன்னொசென்ட், சகோதரர்கள் பயன்படுத்தும் பொருள்களின் உடைமையைத் திருத்தந்தையின் ஆட்சிப்பீடத்துக்கு உரியதாக்கினார். 1279-இல் மூன்றாம் நிக்கோலாஸ், கிறிஸ்து தம் வாழ்வால் கற்பித்த ஏழ்மை இதுவே என்று இதற்கு முத்திரையும் இட்டார். இந்த ஏற்பாட்டைத் தந்திரம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் பயன்பாட்டுக்கும் உடைமைக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு கூர்மையாக ஐரோப்பா அதற்கு முன் ஆராய்ந்ததில்லை எனலாம்.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. சொந்தம் இல்லாமலே வளமாக வாழ முடியும். தென்பிரான்சைச் சேர்ந்த பியர் ஒலீவி (இறப்பு 1298) இதைச் சுட்டினார்: ஏழ்மை வார்த்தைப்பாடு எளிய பயன்பாட்டையும் கட்டாயமாக்குகிறது என்றார். இதே ஒலீவி வணிக ஒப்பந்தங்கள் பற்றியும் ஒரு நூல் எழுதினார். தொழிலில் இடுவதற்கென ஒதுக்கிய பணத்தில் இலாபத்தின் வித்து இருக்கிறது, அது வெறும் நாணயத்தினும் மதிப்பு மிக்கது என்பது அவர் கருத்து. மூலதனம் பற்றிய தொடக்ககாலச் சிந்தனைகளில் ஒன்று பணத்தைத் தொடாத துறவியிடமிருந்து வந்ததில் முரண் ஏதும் இல்லை. எதை விலக்குகிறோம் என்று நுணுகிப் பார்க்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது.

அவர் வழி நின்ற கடுநெறியாளர்கள் திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் காலத்தில் நெருக்கப்பட்டனர். 1318-இல் மார்செய் நகரில் நால்வர் எரிக்கப்பட்டனர். அதன்பின் சர்ச்சை மிதவாதிகளையும் தொட்டது. ரொட்டியை உண்பவன் அதன் உடைமையாளன் ஆகாமல் எப்படி உண்ண முடியும் என்ற வாதத்தின்மேல், 1322-இல் யோவான் உடைமைப் பொறுப்பைச் சபையிடமே திருப்பினார். கிறிஸ்துவும் திருத்தூதர்களும் தனித்தோ கூட்டாகவோ எதையும் உடைமையாகக் கொள்ளவில்லை என்பது தப்பறை என 1323-இல் தீர்ப்பளித்தார். இதை எதிர்த்த சபைத் தலைவர் மைக்கேல், மெய்யியலாளர் ஓக்காமின் வில்லியம் ஆகியோர் 1328-இல் திருத்தந்தையின் அரசவை இருந்த அவிஞோனிலிருந்து தப்பிப் பேரரசர் பவேரியாவின் லூயியிடம் அடைக்கலம் புகுந்தனர்.

பதினைந்தாம் நூற்றாண்டில் கதை வேறு திசையில் திரும்பியது. சபைக்குள் பின்னர் எழுந்த கடுநெறிக் கிளையின் போதகர்கள் ஏழைகளுக்காக அடகுக் கடன் நிலையங்களை நிறுவத் தூண்டினர். 1462-இல் பெருஜியாவில் ஒன்று தோன்றியது. நிர்வாகச் செலவுக்கென அங்கு சிறு வட்டி வாங்கப்பட்டது. அதையும் வட்டிப் பாவம் என்று தொமினிக்கன், அகுஸ்தீன் சபையினர் பலர் எதிர்த்தனர். 1515-இல் திருத்தந்தை பத்தாம் லியோ அதைச் செல்லுபடியாக்கினார். இந்த அறப்பணிக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. ஃபெல்ட்ரேயின் பெர்னார்தீனோ போன்றோர் யூதக் கடன் வணிகர்மீது வெறுப்பை மூட்டியே இந்நிலையங்களுக்கு ஆதரவு திரட்டினர்.

1517-இல் சபை கடுநெறிக் கிளை, மிதநெறிக் கிளை என முறைப்படி இரண்டாகப் பிரிந்தது. விரைவில் கப்புச்சின் கிளையும் தோன்றியது. திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-இல் இரந்துண்ணும் துறவியர் மடங்களும் நிலச் சொத்து வைத்துக்கொள்ள அனுமதித்தபோது, கடுநெறிக் கிளைக்கும் கப்புச்சின்களுக்கும் மட்டும் விலக்கு அளித்தது.