தாது வருஷத்துக் கணக்கு

1799-இல் திப்பு வீழ்ந்தபின் கொங்குநாட்டைக் கிழக்கிந்தியக் கும்பினி இரண்டாக வகுத்தது. வடக்கே பவானி தலைமையிடம், தெற்கே தாராபுரம். 1804-இல் இரண்டும் ஒன்றாகி, கலெக்டர் கோயம்புத்தூருக்குப் போனார். தாராபுரத்துக்கு மிஞ்சியது தாலுகா கச்சேரி.

அடுத்து வந்த பெருஞ்சோதனை 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம். மழைமறைவில் கிடக்கும் இந்த மானாவாரிச் சீமையில் கம்பும் சோளமும் வானத்தை நம்பியவை. அந்த ஆண்டு இரண்டு பருவமழையும் பொய்த்தன. காய்ந்த காட்டை முதலில் கண்டவர்கள் கிராமத்து மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும்தான். ஆனால் முடிவெடுக்க அவர்களுக்கு மேலே தாசில்தார், கலெக்டர், சென்னை கவர்னர் பக்கிங்காம் பிரபு, எல்லோருக்கும் மேலே கல்கத்தாவில் வைஸ்ராய் லிட்டன்.

சென்னை அரசு தானியம் வாங்கிச் சேர்த்தது, நிவாரண வேலைகளைத் திறந்தது. கல்கத்தாவுக்குச் செலவு உறுத்தியது. 1877 ஜனவரியில் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், நாளெல்லாம் உழைக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார். மூன்றாண்டுகளுக்கு முன் பீகார் பஞ்சத்தில் தாராளமாகச் செலவிட்டுத் திட்டு வாங்கியவர் இவர். பழைய பெயரைக் கழுவச் சென்னை மாகாணம் வசதியாக வாய்த்தது. சுகாதார ஆணையர் கார்னிஷ், இந்தக் கூலி உயிரைக் காக்காது என்று எழுத்திலேயே எதிர்த்தார். கூலியை உயர்த்துவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. 1871-இல் 17.6 லட்சமாக இருந்த கோவை மாவட்ட மக்கள்தொகை, 1881-இல் 16.6 லட்சமாகக் குறைந்திருந்தது.

யார் எதைச் செய்வது என்று அதன்பிறகே எழுதினார்கள். 1880-இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை, 1883-இல் மாதிரிப் பஞ்ச விதிகள், அதையொட்டி மாகாண விதிகள். களத்தில் கலெக்டரே பொறுப்பு என்றாயிற்று. 2005-இன் பேரிடர் மேலாண்மைச் சட்டத்திலும் மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரே தலைவர். உள்ளாட்சியின் மக்கள் பிரதிநிதி இணைத்தலைவராகச் சேர்ந்தது மட்டும் புதிது.

பணப்பை இன்னும் தொலைவில்தான் இருக்கிறது. 2017 ஜனவரியில் தமிழகத்தில் அன்றிருந்த 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. தாராபுரத்தை உள்ளடக்கிய திருப்பூரும் அதில் அடக்கம். மாநிலம் கேட்டது 39,565 கோடி ரூபாய். டெல்லி ஒப்புக்கொண்டது ஏறத்தாழ 1,748 கோடி. மானாவாரிக் காட்டுக்கு ஏக்கருக்கு 3,000 ரூபாய் என மாநிலம் அறிவித்தது. அந்தத் தொகை யாருக்கு என்பது அடங்கல் எனும் கிராமப் பயிர்க்கணக்கு ஏட்டில் உள்ள பெயரைப் பொறுத்தது. 1980-இல் பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகள் ஒழிந்தபின் அந்த ஏட்டை எழுதுபவர் கிராம நிர்வாக அலுவலர். வாய்ப்பேச்சில் வாரத்துக்கு உழுதவரின் பெயர் பல நேரம் அதில் ஏறுவதில்லை.