கண்டிக் காட்டுக் கறுவாவும் ஒல்லாந்தர் ஏலமும்

பேராதனைக்கு அணித்தாக, மகாவலி கங்கையின் மறுகரையிலே, கன்னொறுவை என்னும் ஊர் உளது. இன்று அது விவசாய ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற இடம். 1638ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28ஆம் நாள் அவ்வூர்ச் சரிவுகளிலேதான் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் போர்த்துக்கேயத் தளபதி தியோகு டி மெல்லோவின் சேனையைச் சுற்றிவளைத்து அழித்தான். தப்பிச் சென்றோர் மிகச் சிலரே. வாளால் வென்ற அம்மன்னன், இரண்டு திங்கள் கழியுமுன்னரே, எழுதுகோலால் பெரியதோர் இழப்புக்கு வழி திறந்துவிட்டான் என்பதை நோக்கும்போது வியப்பே உண்டாகிறது.

அவ்வாண்டு மே மாதம் 23ஆம் நாள் மட்டக்களப்பில் ஒல்லாந்தக் கடற்படைத் தலைவர் வெஸ்டர்வோல்டும் மன்னனும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். போர்த்துக்கேயரைத் தீவினின்றும் துரத்துவதற்கு ஒல்லாந்தர் துணைபுரிவர். அதற்காகும் செலவை மன்னன் கறுவா, மிளகு, மெழுகு முதலியவற்றால் ஈடுசெய்வான். இம்மட்டில் குறை கூறுவதற்கில்லை. ஆயின், யானை நீங்கலாக நாட்டின் ஏனைய விளைபொருள் வாணிகம் ஒல்லாந்தருக்கே உரியது என்றும் அப்பத்திரம் விதித்தது. பிடிபடும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிற்பதைப் பற்றிய பிரிவில், ‘மன்னன் விரும்பினால்’ என்ற கருத்துடைய சொற்கள் மன்னனிடமிருந்த படியிலே இருந்தன. ஒல்லாந்தர் வைத்திருந்த படியிலே காணப்படவில்லை. 1640இல் காலி வீழ்ந்தது. 1656இல் கொழும்பு வீழ்ந்தது. கொழும்பைத் தன்னிடம் ஒப்படைப்பர் என எதிர்பார்த்திருந்த மன்னனுக்குக் கோட்டை வாயில் திறக்கப்படவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை எனச் சிங்கள மக்கள் இதனைக் கூறுவர்.

ஒரு பொருளை ஒருவரே விற்கும் உரிமை ஏன் இத்துணை விலையுயர்ந்ததாயிற்று? மெல்லிய பட்டையும் இன்சுவையும் உடைய கறுவா அக்காலத்தில் இலங்கையின் தென்மேற்குக் காடுகளிலிருந்தே உலகச் சந்தைக்குச் சென்றது. மலையாளக் கரையிலும் காட்டுக் கறுவா உண்டு. அது தரத்தில் தாழ்ந்தது, விலையிலும் மலிவானது. மலிவான சரக்கு சந்தையில் நுழைந்தால் உயர்ந்த சரக்கின் விலையும் தளரும் என்பதை ஒல்லாந்தக் கம்பனி நன்கறிந்திருந்தது. 1663இல் அது கொச்சியைக் கைப்பற்றியதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்று. தன் சரக்கைக் காப்பதற்கு அடுத்தவன் சரக்கையும் பூட்டி வைப்பதே தனியுரிமையின் இயல்பு.

எனினும் உரிமை மட்டும் போதாது. விற்கும் காலமும் கைவசம் இருத்தல் வேண்டும். கம்பனி தொடங்கிய காலத்திலேயே, பெருவணிகர் குழுவொன்றிற்குச் சரக்கை மொத்தமாக விற்கும்போது, குறித்த சில காலத்துக்கு அதே சரக்கைத் தான் வேறெவர்க்கும் விற்பதில்லை என உறுதி கூறும் வழக்கம் இருந்தது. அவ்வுறுதிக்காகவே வணிகர் கூடுதலான விலை கொடுத்தனர். பிற்காலத்தில் ஏலங்கள் குறித்த பருவங்களில் நடைபெற்றன. எஞ்சிய சரக்கு பண்டகசாலையிலே கிடந்தது. விலை தாழும் என்ற அச்சம் பிறந்தால் நெருப்புக்கும் இரையாயிற்று. 1760இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் வாசனைப் பொருள்கள் குவியல் குவியலாக எரிக்கப்பட்டதை வால்மோன் டி போமார் என்ற பிரெஞ்சு இயற்கையறிஞர் நேரிற் கண்டு எழுதியுள்ளார்.

கண்டி நாட்டிலோ இதே மரத்துக்கு மதிப்பில்லை. 1660 முதல் 1679 வரை அங்கே சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், கண்டிக்கு அண்மையிலுள்ள எலதெத்தவிலும் வாழ்ந்தவர். கறுவா ஏனைய காட்டு மரங்களைப் போலவே தானாக வளர்கிறதென்றும், மக்கள் அதனைப் பெரிதாகப் போற்றுவதில்லை என்றும் அவர் குறித்துள்ளார். மரம் நிற்கும் ஊருக்கும் விலை நிற்கும் ஊருக்கும் இடையே அத்துணைத் தூரம்!

ஆனால் கண்டி மன்னரிடமும் ஒரு கருவி இருந்தது. ஒல்லாந்தர் ஆட்சி கரையோரத்தோடு நின்றது. நல்ல கறுவாக் காடுகளிற் பல மன்னனின் எல்லைக்குள் இருந்தன. எனவே பட்டை உரிப்போரை அங்கே அனுப்ப ஆண்டுதோறும் மன்னனின் அனுமதி வேண்டியதாயிற்று. கொழும்பிலிருந்து தூதுக்குழு புறப்படும். குதிரைகளும் பட்டும் பன்னீரும் காணிக்கையாகச் செல்லும். ஆளுநரின் ஓலையை வெள்ளித் தட்டிலிட்டுத் தலைமேல் ஏந்தி வருவர். பலானைக் கணவாயைக் கடந்து கன்னொறுவையை அடைந்ததும், அரண்மனைக்கு அழைப்பு வரும்வரை காத்திருத்தல் வேண்டும். அக்காத்திருப்பு வெறும் அரசவைச் சடங்கன்று. மழை பெய்து மரத்தில் நீரோட்டம் மிகும் பருவத்திலேதான் பட்டை எளிதில் உரியும். ஐரோப்பாவுக்குச் செல்லும் கப்பல்களோ ஆண்டு முடிவை ஒட்டிய காற்றுக்குப் பாய் விரிக்க வேண்டும். அனுமதி சில வாரம் தாமதித்தால் சரக்கு ஓராண்டு தாமதிக்கும். ஏலத்தின் நாளை ஆம்ஸ்டர்டாம் குறித்தது; அறுவடையின் நாளைத் தடுத்து வைக்கும் ஆற்றல் கண்டிக்கு இருந்தது.

இப்போட்டியில் பாக்கும் சிக்கியது. கண்டி நாட்டுப் பாக்கு அமுணக் கணக்கில் புத்தளத்துக்கும் கொட்டியாரத்துக்கும் இறங்கி, தமிழகக் கரையோரத்து முஸ்லிம் வணிகரின் மரக்கலங்களில் ஏறியது. மாற்றாகத் துணியும் அரிசியும் வந்தன. ஒல்லாந்தர் அத்துறைகளை மூடி, பாக்கைத் தமக்கே, தாம் வைத்த விலைக்கே விற்குமாறு நெருக்கினர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் சில ஆண்டுகள் துறைகள் திறந்துவிடப்பட்டபோது வாணிகம் தழைத்தது. கம்பனியின் இலாபம் குறைந்தது. துறைகள் மீண்டும் மூடப்பட்டன. கண்டியார் மலைவழிகளை அடைத்தனர். மலைநாட்டுக் குடியானவனின் முற்றத்திலே பாக்கு காய்ந்து கிடந்தது. அவன் வீட்டில் துணியும் உப்பும் அரிதாயின. இருதரப்பார் வீம்புக்கும் விலை கொடுத்தவன் அவனே.

கரையிலே பட்டை உரித்த சாலாகம வகுப்பினரின் துயரமும் சிறிதன்று. அது கூலி வேலையன்று, கட்டாய ஊழியம். மரத்துக்கு ஊறு செய்தாலும் கறுவாவைக் களவாக விற்றாலும் மரண தண்டனை வரை விதிக்கப்பட்டது. பலர் எல்லை கடந்து கண்டி நாட்டிற் புகலடைந்தனர். கரையோர மக்களின் கலகம் மூண்டபோது, நாயக்க மரபினனான கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் அவர்கட்குத் துணைநின்றான். போர் தொடர்ந்தது. 1762இல் சென்னையிலிருந்து ஆங்கிலத் தூதர் பைபஸ் கண்டிக்கு வந்தார். மன்னன் வேறொரு வாங்குநரைத் தேடினான் என்றே இதற்குப் பொருள் கொள்ளல் தகும். பயன் விளையவில்லை. 1765இல் ஒல்லாந்தப் படை கண்டி நகருட் புகுந்தது. நகரில் நிலைத்திருக்க அதனால் இயலவில்லையாயினும், 1766 பெப்ரவரியில் எழுதப்பட்ட உடன்படிக்கையின்படி தீவைச் சூழ்ந்த கரை முழுவதும் மன்னன் கையை விட்டகன்றது. பலானைக்குக் கீழ்ப்பட்ட நாடுகளில் கறுவா உரிக்கும் உரிமையும் ஒல்லாந்தருக்காயிற்று.

மன்னனின் கருவியை முற்றாக மழுக்கியது போரன்று, ஒரு தோட்டம். கறுவா காட்டிலேதான் நன்கு வளரும் என்பது பழைய நம்பிக்கை. ஆளுநர் பால்க் காலத்தில், ஏறத்தாழ 1770ஆம் ஆண்டளவில், கொழும்பு மருதானையில் அதனைப் பயிரிட்டுப் பார்த்தனர், பயிர் செழித்தது. கரையோரத் தோட்டங்கள் பெருகப் பெருகக் கண்டிக் காட்டின் தேவை குறைந்தது. கன்னொறுவையிற் காத்திருந்து பெறவேண்டிய அனுமதிக்கு அதன் பின்னர் என்ன மதிப்பு?

1796இல் கரையோரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1802இல் இலங்கை முடிக்குரிய நாடானபோதும் கறுவா வாணிகம் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியிடமே நின்றது. ஆண்டுக்கு 400,000 இறாத்தல், விலை 60,000 பவுண் என ஒப்பந்தமாயிற்று. கோல்புறூக் ஆணைக்குழுவின் விசாரணைக்குப் பின் 1833இல் தனியுரிமை ஒழிந்தது. ஒழித்த கையோடு இறாத்தலுக்கு 3 சிலிங் ஏற்றுமதி வரி விதித்தனர். கதவைத் திறந்து வாயிற்படியில் முள்ளை வைத்தாற் போன்ற செயல் அது. இதற்கிடையே யாவாவில் ஒல்லாந்தர் கறுவா பயிரிட்டனர். சீனத்து மலிவுப் பட்டையும் சந்தையை நிரப்பியது. வரியைச் சிறிது சிறிதாகக் குறைத்து 1853இல் முற்றாக நீக்கினர். அதற்குள் வாங்குவோர் மலிவுப் பட்டைக்குப் பழகிவிட்டனர்.

அக்காலத்துக் கண்டியில் வேறொரு பயிர் வேரூன்றிவிட்டது. கம்பளைக்கு அருகே ஜோர்ஜ் பேட் கோப்பித் தோட்டம் திறந்திருந்தார். ஆளுநர் பார்ன்ஸும் 1825ஆம் ஆண்டளவில் தமக்கென ஒரு கோப்பித் தோட்டம் அமைத்தார். அதற்கு அவர் தேர்ந்த இடம், ஒரு காலத்தில் ஒல்லாந்தத் தூதர் வெள்ளித் தட்டோடு காத்துநின்ற அதே கன்னொறுவை.