நாளத்தை மூடிய கைகள்

உடப்புசல்லாவை மலைகளில் கவ்வாத்துக் காலம் வந்துவிட்டால், கொழுந்தெடுக்கும் பெண்கள் வேறு மலைக்கு அனுப்பப்பட, ஆண்கள் நிரை பிடித்து நின்று கத்தியை வீசித் தேயிலைச் செடியை அரையளவுக்குத் தறித்துக்கொண்டே மேலேறுவர்; அந்த ஆயிரமாயிரம் வீச்சுகளில் ஒன்று, மழையில் நனைந்த வாதில் வழுக்கி, வெட்டுபவரின் முழங்காலுக்குக் கீழேயோ இடது மணிக்கட்டிலோ பாய்ந்துவிடுவதுண்டு. அப்பொழுது பக்கத்து நிரைக்காரர் ஓடிவந்து, தலைத்துண்டை அவிழ்த்துச் சுருட்டிக் காயத்தின்மேல் வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கிறார். இன்று பெருநகரத்து இருதய வைத்தியசாலைகளில், நாளத்திலே ஊசி இட்ட துவாரத்தை இமைப்பொழுதில் கவ்வி மூடுகின்ற நுண்ணிய உலோக முள் செய்வதும் இந்தக் கட்டைவிரலின் வேலையையே. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை மனித குலம் கடந்து வந்த விதம், அரிய கைகளுக்கு மட்டுமே வசப்பட்டிருந்த ஒரு வித்தை சாமானியக் கைகளுக்கு வந்து சேர்ந்த சரித்திரம் என்பது என் எண்ணம்.

இரத்தப் பெருக்கை நிறுத்தும் உபாயங்களைச் சுசுருதர் நான்காக வகுத்தார்: துவர்ப்புப் பொருளால் காயத்தின் வாயைக் கூட்டுவது சந்தானம், குளிர்ச்சியால் உறையச் செய்வது ஸ்கந்தனம், சாம்பலிட்டு உலர்த்துவது பாசனம், சூடிட்டு நாளத்தைச் சுருக்குவது தகனம். லயத்து வீடுகளில் வெட்டுக்காயத்தின்மேல் கோப்பித்தூளை அப்பும் கிழவியரின் பழக்கத்தைச் சந்தானத்துக்குத் தூரத்து உறவாகவே நான் காண்கிறேன். அதே சுசுருத சங்கிதையில், குடலில் விழுந்த துவாரத்தின் இரு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்து, பெரிய கறுப்பெறும்புகளைக் கடிக்க விட்டு, கடித்த தலையை அங்கேயே நிறுத்தி உடலைக் கிள்ளி எறியும் முறையும் சொல்லப்பட்டிருக்கிறது. ஒரே அழுத்தலில் இரு பக்கமும் கவ்வி, பின்னர் உடலுக்குள்ளேயே தங்கிவிடும் முள் என்ற எண்ணத்துக்கு இதைவிடப் பழைய சான்று எனக்குத் தெரியாது.

ஆனால் குடல் வேறு, குருதி நாளம் வேறு. நாளத்தை மூடவும் வேண்டும். மூடிய பின் அதனுள்ளே குருதி உறையாமல் ஓடவும் வேண்டும். ஆதலால் நெடுங்காலம் வைத்தியர்கள் மூடுவதைக் கைவிட்டுக் கட்டுவதையே மேற்கொண்டனர். கட்டிய நாளம் உயிரைக் காத்தது. அங்கத்தைப் பல வேளைகளில் காக்கவில்லை. இந்த நிலையில் 1759-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் ஓர் அற்புதம் நிகழ்ந்தது. இரத்தம் இறக்கும் சிகிச்சையின்போது தவறுதலாகக் குத்துப்பட்ட ஒருவரது புயத்து நாடியை, லாம்பர்ட் என்ற வைத்தியர் கூறிய யோசனைப்படி ஹாலோவெல் என்பவர் மூடினார். கால் அங்குல எஃகு ஊசியொன்றைத் துவாரத்தின் இரு உதடுகளிலும் செருகி, அதன்மேல் நூலை எட்டு என்ற இலக்கத்தின் வடிவிற் சுற்றி இறுக்கினார். காயம் ஆறிற்று, கையும் பிழைத்தது. குதிரைகளுக்கு இரத்தம் இறக்கிய பின் லாட வைத்தியர்கள் அவற்றின் கழுத்து நாளத்தை அவ்வாறுதான் மூடுவது வழக்கம். மாட்டுக்கும் குதிரைக்கும் வைத்தியம் பார்த்த எளிய கைகளிடமிருந்து அறுவை வைத்தியம் பெற்றுக்கொண்ட இக்கொடையைச் சரித்திரகாரர்கள் இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம். பின்னர் 1773-இல் அஸ்மன் என்பவர் மிருகங்களிடத்தே செய்த பரீட்சைகள் தோல்வியுற, அந்த வழியும் நூறாண்டுக்கு மேல் தூர்ந்து கிடந்தது.

தமிழிலே இந்த வித்தை வந்ததற்கும் ஒரு கதை உண்டு. 1847-இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் தங்கிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தம் மாணவருக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கத் துணிந்து, டிருயிட் எழுதிய ஆங்கில நூலை ‘இரண வைத்தியம்’ என்ற பெயரில் 1867-இல் வெளியிட்டார். தாய்மொழியில் படித்தவன் கையும் நாடியை அறியும் என்ற நம்பிக்கையில் பிறந்த நூல் அது. அதே காலத்தில் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் கவனிப்பாரின்றி மடிந்துகொண்டிருந்தனர். கம்பளை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவர்களின் கதியை டாக்டர் வான் டோர்ட் 1869-இல் அறிக்கையாக எழுதினார். 1872-இல் தோட்டப் பகுதிகளின் வைத்தியத் தேவைக்கென ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. மானிப்பாயின் தமிழ் நூலும் கம்பளையின் துயரமும் ஒரே தீவில் இரண்டாண்டு இடைவெளியில் எழுதப்பட்டவை என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

1894-இல் பிரான்சு தேசத்து ஜனாதிபதி கார்னோ, லியோன் நகரத்தில் கத்தியால் குத்தப்பட்டு, வயிற்றினுள் அறுந்த பெருநாளத்தைத் தைக்க வல்லார் இல்லாமையால் மாண்டார். அந்நகரத்து மாணவர் அலெக்சிஸ் காரெல் அதைப் பொறுக்கமாட்டாமல், பூத்தையல் செய்யும் பெண்ணொருத்தியிடம் சென்று மெல்லிய ஊசியும் பட்டு நூலும் கையாளப் பயின்று, நாளங்களைத் தைக்கும் முறையை 1902-இல் வெளியிட்டு, 1912-இல் நொபெல் பரிசும் பெற்றார். எனினும் காரெலின் விரல்கள் எல்லோருக்கும் வாய்த்தவை அல்ல. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கச் சேனையிற் கணக்கெடுக்கப்பட்ட 2,471 நாடிக் காயங்களில் தையலிடப்பட்டவை 81 மட்டுமே.

இந்தக் குறையைத் தீர்க்க முயன்றவர் வைத்தியரல்லர்; வசிலி குடோவ் என்ற ருஷ்யப் பொறியியலாளர். வயிற்றுச் சத்திர சிகிச்சைக்கென ஹங்கேரியில் ஹுல்ட்ல் என்ற வைத்தியர் 1908-இலேயே ஒரு தைப்புக் கருவியைப் பயன்படுத்தியிருந்தார்; அது ஏறக்குறைய மூன்றரைக் கிலோ கனம், பூட்டுவதற்கே இரண்டு மணி நேரம் பிடிக்கும். யுத்தம் ஓய்ந்த 1945-ஐ ஒட்டி மொஸ்கோவில் குடோவ் இயற்றிய கருவியோ, அறுந்த நாளத்தின் இரு நுனிகளையும் வெளிப்புறமாக மடித்து எதிரெதிரே நிறுத்தி, ஒரே அழுத்தலில் சுற்றிலும் தந்தாலம் உலோக முட்களை இட்டுப் பொருத்தியது. சாதாரண வைத்தியனும் காரெலின் தையலை இடலாம் என்பதே அதன் நோக்கம். 1958-இல் சோவியத் நாடு சென்ற அமெரிக்க வைத்தியர் மார்க் ராவிச் அத்தகைய கருவியொன்றை லெனின்கிராட் கடையில் வாங்கிச் செல்ல, இன்றைய ‘ஸ்டேப்ளர்’ வம்சம் அங்கிருந்து மேல்நாடுகளிற் கிளைத்தது.

சுவீடன் தேசத்து செல்டிங்கர் 1953-இல் காட்டிய வழி இந்த உலோக முள்ளுக்கு வேறொரு வேலையைக் கொடுத்தது. தொடை இடுக்கு நாடியில் ஊசியிட்டு, கம்பி செருகி, அதன்மேற் குழாயை ஏற்றி இருதயம் வரை செல்லலாம் என்றானபோது, குழாயை உருவிய பின் எஞ்சும் துவாரத்தை மூடும் பொறுப்பு மீண்டும் மனிதக் கையிடமே வந்தது. பதினைந்து இருபது நிமிஷம் ஒருவர் அழுத்திப் பிடிக்க வேண்டும். நோயாளி மணிக்கணக்கில் காலை மடக்காமல் கிடக்க வேண்டும். இந்தக் கையை விடுவிக்கப் பிறந்தவையே நாளத்தின் வெளிச்சுவரை மட்டும் பற்றி மூடும் டைட்டேனிய, நிட்டினால் முட்கள். 2005-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ‘ஸ்டார்க்ளோஸ்’ அவ்வகையினது. குருதி ஓடும் உட்புறத்தில் உலோகம் படாது என்பதே அதன் நுட்பம்.

உடப்புசல்லாவையின் பெயரைத் தாங்கி நானுஓயாவிலிருந்து புறப்பட்ட இரண்டரை அடி அகல ரயில் பாதை, 1904-இல் இராகலையை எட்டி அங்கேயே நின்றுவிட்டது; 1940-களில் அதுவும் மறைந்தது. இருதய நோயாளிகள் இன்று கண்டிக்குப் போய், தொடையிலோ மணிக்கட்டிலோ சிறு தழும்போடு லயத்துக்குத் திரும்புகிறார்கள். கவ்வாத்து மலையில் வெட்டுப்பட்டவருக்கோ வழி பழையதுதான்: தோட்ட லொறியில் கிடத்தி, இராகலை கந்தப்பளை வளைவுகளைச் சுற்றி நுவரெலியாவுக்குக் கொண்டுபோகிறார்கள். புறப்படும்முன் தோட்டத்து டிஸ்பென்சர், கூடப் போகிறவரின் கையைப் பிடித்துக் காயத்தின்மேல் வைத்து, இரத்தம் நின்றதா என்று பார்க்க இடையிலே துணியைத் தூக்கவே கூடாது என்று இரண்டு முறை சொல்லி அனுப்புகிறார். அவரும் அந்த வழி முழுவதும் விரலை எடுப்பதில்லை.